வெளியேறும் உரிமை



கல்வியில் சாதி என்றதும் நாம் உள்ளே நுழைவதைப் பற்றியே பேசுகிறோம்: இடஒதுக்கீடு, நுழைவுத் தேர்வு, கட்டணம். நுழைந்த இடத்தில் இழிவு நேர்ந்தால் வெளியேறி வேறோர் இடத்தில் படிப்பைத் தொடர முடியுமா? மருத்துவ முதுநிலைப் படிப்பை வைத்து இந்த நினைவுரையில் அதைக் கேட்க விரும்புகிறேன்.

எம்.டி., எம்.எஸ். என்பவை மூன்றாண்டுப் படிப்புகள். பெரும்பகுதி வகுப்பறையில் அல்ல, வார்டில் நடக்கிறது. யாரை அறுவை அரங்குக்குள் அழைப்பது, யாருக்குத் தொடர்ந்து இரவுப் பணி போடுவது, ஆய்வேட்டில் எப்போது கையெழுத்திடுவது எல்லாம் துறைத் தலைவர், பேராசிரியர், சீனியர்கள் கையில். ஒருவருக்குக் கத்தியே தராமல் மாதக்கணக்கில் கேஸ் ஷீட் மட்டும் எழுத வைக்கலாம். சாதிப் பெயரை உச்சரிக்கவே வேண்டியதில்லை, தடயமும் இருக்காது.

2019 மே 22 அன்று மும்பை நாயர் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவம் பயின்ற டாக்டர் பாயல் தட்வி உயிரிழந்தார். தட்வி பில் பழங்குடியைச் சேர்ந்தவர். சீனியர்கள் மூவர் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாகக் குடும்பம் புகார் அளித்தது, வழக்குப் பதிவானது.

இத்தகைய சாவுகளின்போது, “விட்டுவிட்டு வந்திருக்கலாமே” என்று சிலர் எளிதாகச் சொல்கிறார்கள். எங்கே வருவது? 2000ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி விதிகளே ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதைத் தடை செய்தன. இடத்தை விட்டு விலகினால் பல மாநிலங்களில் லட்சக்கணக்கில் பத்திரத் தொகை கட்ட வேண்டும். பிறகு மீண்டும் நீட் எழுதி, முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். பத்திர முறையைக் கைவிடுமாறு 2024 ஜனவரியில் தேசிய மருத்துவ ஆணையம் மாநிலங்களுக்கு எழுதியது. அது பரிந்துரைதான், உத்தரவல்ல.

மருத்துவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தொகை ஒரு காசோலை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு அது சிறைக் கதவு.

பாபாசாகேபும் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்தான். கொலம்பியாவில் படிக்க 1913இல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகை பெற்றபோது, பத்தாண்டு பணிபுரிய ஒப்புக்கொண்டார். 1917இல் பணியில் சேரப் போனபோது அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியர்கள் விரட்டினார்கள். அவர் பரோடாவை விட்டு வெளியேறினார். அதைத் தோல்வி என்று யாராவது சொல்வார்களா?

ஆனால் இடமாற்றம் மட்டுமே நீதியாகிவிடாது. டெல்லி எய்ம்ஸை ஆராய்ந்த தோரட் குழு, தொல்லை தாங்காமல் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியின் குறிப்பிட்ட தளங்களுக்கு ஒதுங்கியதை 2007இல் பதிவு செய்தது. பாதிக்கப்பட்டவர் மட்டும் நகர்ந்தால் ஊரும் சேரியும் கல்லூரிக்குள்ளேயே உருவாகும்.

எனவே நமது கோரிக்கைகள் மூன்று. சாதிக் கொடுமை குறித்துப் புகார் அளித்தவருக்கு, முடித்த பயிற்சிக் காலத்தைக் கணக்கில் கொண்டு வேறு கல்லூரியில் இடம் தர வேண்டும். அவரிடம் பத்திரத் தொகை கேட்கக் கூடாது. அவர் போன பிறகும் புகார் மீதான விசாரணை நடந்தாக வேண்டும்.

மாணவ நண்பர்களே, இடத்தை விடலாம். படிப்பை விட வேண்டியதில்லை. உயிரை ஒருபோதும் விடக் கூடாது. மூச்சு முட்டும்போது தனியாக முடிவெடுக்காதீர்கள், எங்களிடம் வாருங்கள். பத்திரத்தை எதிர்த்து வழக்காட நாங்கள் இருக்கிறோம்.

ஜெய்பீம்.