குழி வெட்டியவரின் பெயர்



கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்கு எத்தனையோ பெயர்கள் உண்டு. அடிமை வேலை என்பார்கள், வெட்டி வேலை என்பார்கள். "வைத்தியம்" என்றும் அதற்கு ஒரு பெயர் இருந்தது. அந்தக் கதையை இன்று பார்ப்போம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் செனெகா என்றொரு ஏரி இருக்கிறது. அதன் கரையில் 1869ல் வில்லர்டு பைத்தியக்கார ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதற்கு முன்பு ஏழை மனநோயாளிகளை ஏழைகள் விடுதிகளில் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். டாக்டர் சில்வெஸ்டர் வில்லர்டு என்பவர் விசாரித்து இந்தக் கொடுமையை அம்பலப்படுத்தினார். அவர் பெயரால் எழுந்ததுதான் இந்த ஆஸ்பத்திரி. சங்கிலி அறுந்தது. நல்ல காரியம்தான், நாம் மறுக்கவில்லை.

ஆனால் உள்ளே போனவர்கள் வெளியே வந்தார்களா? 1995ல் மூடும் வரை 50,000 பேருக்கு மேல் அங்கே இருந்தனர். ஏறக்குறைய பாதிப்பேர் அங்கேயே மாண்டனர். மூடிய வருஷம் பரண்மேல் 400 பெட்டிகள் வரை கிடைத்தன. உள்ளே துணிமணி, புகைப்படம், கடிதங்கள். வந்த அன்று கையில் கொண்டுவந்த பெட்டிகள். திரும்ப எடுத்துப் போக ஆள் வரவில்லை!

உடம்பில் தெம்புள்ள நோயாளிகள் சும்மா இருந்தார்களா? இல்லை. வயலில் பாடுபட்டார்கள், துணி தைத்தார்கள். "வேலை செய்தால் புத்தி தெளியும்" என்றது அந்தக் காலத்து வைத்தியம். வேலை மனதுக்கு மருந்து என்பது நமக்குத் தெரியாதா? ஆனால் விளைச்சலை எடுத்துக்கொண்டு கூலியை மறுப்பது எந்த மருந்து?

லாரன்ஸ் மோச்சா என்றொரு தொழிலாளி. ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்தவர். ஜன்னல் கண்ணாடி துடைத்து வயிறு கழுவியவர். 1918ல் வில்லர்டுக்கு அனுப்பப்பட்டு, 1968ல் சாகும் வரை அங்கேயே கிடந்தார். சக நோயாளிகளுக்காக 1,500 குழிகள் வரை வெட்டியவர் அவர். அந்த இடுகாட்டில் 5,700 பேருக்கு மேல் அடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை, வெறும் நம்பர்தான். குழி வெட்டியவருக்கும் அதே கதி! பெயரைப் பொறியுங்கள் என்று ஜனங்கள் கேட்டபோது, நோயாளியின் ரகசியம் காக்கும் சட்டத்தைக் காட்டினார்கள் அதிகாரிகள். ஜனங்கள் விடவில்லை. 2015ல் மோச்சாவின் பெயரோடு நினைவுச் சின்னம் எழுந்தது.

கூலி விவகாரம் என்ன ஆயிற்று? வாஷிங்டன் நகரத்து நீதிமன்றம் 1973ல் ஒரு தீர்ப்பு சொன்னது. நோயாளியின் உழைப்பால் நிர்வாகத்துக்குப் பலன் உண்டென்றால் அவரும் தொழிலாளியே, குறைந்தபட்சக் கூலி கொடு என்றது. பல நிர்வாகங்கள் என்ன செய்தன தெரியுமா? கூலி கொடுப்பதற்குப் பதிலாக வேலையையே நிறுத்திவிட்டன! நேற்று வரை வைத்தியமாக இருந்தது, காசு கேட்டதும் எங்கே போயிற்று?

தோழர்களே, வில்லர்டின் கட்டிடங்கள் இன்று பாழடைந்து கிடக்கின்றன. அந்த வயல்களில் சிந்திய வேர்வைக்குக் கணக்கில்லை. புத்தி தடுமாறியவரும் உழைத்தால் தொழிலாளிதான். கூலி கேட்கும்போது அவருக்கும் சேர்த்துக் கேட்போம்!