ஹேண்ட்பேக்னு சொல்லி எவ்வளவு பெரிய பையை ஃப்ளைட்ல ஏத்தலாம்?

இன்னைக்கு எபிசோட் ஒரு பையைப் பத்தி. தோள்ல மாட்டுற பைதான். ஆனா ரெண்டு நாளுக்கான துணி, லேப்டாப், சார்ஜர், மேக்கப் பை எல்லாமே உள்ள போயிடும். விலை லட்சத்துல இருக்கும். கையில ஒரு கேபின் ட்ராலி, தோள்ல இந்தப் பை. கேட்டா "ட்ராலிதான் லக்கேஜ், இது என் ஹேண்ட்பேக்"னு சொல்லிட்டு உள்ள போயிடலாம். இதுக்குன்னே ரீல்ஸ் நிறைய ஓடுது. இந்த டெக்னிக் நிஜமாவே வேலை செய்யுதா, யாருக்கு வேலை செய்யுதுன்னு பார்ப்போம்.

முதல்ல ஒரு சின்ன வரலாறு. உலகத்துலயே ரொம்பப் பேசப்படுற ஹேண்ட்பேக் பிறந்ததே ஒரு விமானத்துலதான். எண்பதுகளோட தொடக்கத்துல, பாரிஸ்ல இருந்து லண்டன் போற ஃப்ளைட்ல நடிகையும் பாடகியுமான ஜேன் பிர்க்கின் ஏறுறாங்க. அவங்க எங்க போனாலும் ஒரு பிரம்புக்கூடைதான் கையில இருக்கும். அன்னைக்கு அது கவிழ்ந்து உள்ள இருந்ததெல்லாம் கொட்டிடுச்சு. பக்கத்து சீட்ல இருந்தவர் ஹெர்மஸ் நிறுவனத்தோட தலைவர் ஜான் லூயி துமா. "கைக்குழந்தையை வச்சிருக்கிற எனக்கு ஏத்த மாதிரி பெரிய பை கிடைக்கவே மாட்டேங்குது"ன்னு இவங்க சொல்ல, வாந்தி எடுக்கக் கொடுக்கிற காகிதப் பையிலயே ரெண்டு பேருமா ஒரு படம் வரைஞ்சாங்கன்னு கதை. 1984-ல 'பிர்க்கின்' பை வந்தது.

அவங்களுக்காகச் செஞ்ச அந்த முதல் பை 2025 ஜூலையில பாரிஸ்ல ஏலத்துக்கு வந்து, கட்டணமெல்லாம் சேர்த்து 86 லட்சம் யூரோவுக்குப் போச்சு. ஆனா படத்துல பாருங்க, நல்லா அடிபட்ட பை அது. ஸ்டிக்கர் ஒட்டின தடம் இருக்கு, ஒரு நகவெட்டியும் தொங்குது. பொருள் தூக்க ஒரு பை வேணும்னு கேட்டவங்க, தூக்கித்தான் தேய்ச்சிருக்காங்க. அதனால பெரிய ஹேண்ட்பேக்கை லக்கேஜா பயன்படுத்துறது புதுசா கண்டுபிடிச்ச குறுக்குவழி இல்ல. அந்தப் பை பிறந்ததே அதுக்குத்தான்.

அப்புறம் ஏன் இப்போ இவ்வளவு பேச்சு? இலவசமா கொண்டுபோற இடம் சுருங்கிடுச்சு, அதான். ஐரோப்பாவுல பல மலிவு விலை ஏர்லைன்கள்ல அடிப்படை டிக்கெட்டுக்கு சீட்டுக்கு அடியில போற ஒரு சின்னப் பை மட்டும்தான் இலவசம். மேல ரேக்ல வைக்கிற ட்ராலிக்குத் தனிக் காசு. கை லக்கேஜ் பயணத்தோட அவசியமான ஒரு பகுதி, நியாயமான அளவுக்கும் எடைக்கும் உள்ள இருந்தா தனியா காசு கேட்கக் கூடாதுன்னு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-லயே சொல்லிடுச்சு. 2024 நவம்பர்ல ஸ்பெயின் அரசு அஞ்சு ஏர்லைன்களுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் போட்டதுல இந்தக் கட்டணமும் ஒரு காரணம். ஏர்லைன்கள் அதை எதிர்க்குறாங்க. 'நியாயமான அளவு'ன்னா எவ்வளவு? சண்டையே அதுலதான்.

இப்போ டேப்பை எடுப்போம். லூயி விட்டன் 'நெவர்ஃபுல்' ஜிஎம், அதுலயே பெரிய சைஸ், சுமார் 40 x 33 x 20 செ.மீ. ஈஸிஜெட் இலவசப் பைக்குக் கொடுக்கிற அளவு 45 x 36 x 20. அளவு சரியா உட்காருது. ரயன்ஏர் 2025-ல கொஞ்சம் தாராளமாகி 40 x 30 x 20 ஆக்கினாங்க. நெவர்ஃபுல் மூணு சென்டிமீட்டர் அதிகம். ஆனா மேல்பக்கம் வளையுற பைங்கிறதால, பாதி நிரப்பினா அழுத்தி இறக்கிடலாம். முழுசா அடைச்சா மாட்டிக்கும். அதே பிராண்டோட 'கீப்பால்' 50-ஐ எடுத்துக்கோங்க, நீளமே 50 செ.மீ. அது 1930-ல வந்த பயணப் பை. அதைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஹேண்ட்பேக்னு சொன்னா அளக்குற கூண்டு கேக்காது.

நம்ம ஊருக்கு வருவோம். விமானப் பாதுகாப்புப் பிரிவான பிசிஏஎஸ் விதிப்படி ஒருத்தருக்கு ஒரு கைப்பை. அது போக அனுமதிக்கிற பொருள்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல 'லேடீஸ் பேக்'கும் ஒண்ணு. நம்ம பெரிய பை இந்த வார்த்தைக்குள்ளதான் நுழையப் பார்க்குது. ஏர்லைன்கள் இதுக்கு மேல ஒரு எடையும் வச்சிருக்காங்க. இண்டிகோவுல கேபின் பைக்கு 7 கிலோ, கூட ஒரு பர்ஸோ சின்ன லேப்டாப் பையோ 3 கிலோ வரைக்கும். இங்கதான் தோல் பை தோத்துப்போகுது. தடிமனான தோல், பித்தளைப் பூட்டு, உள்ள துணி லைனிங்னு பையோட சொந்த எடையே அந்த 3 கிலோவுல ஒரு நல்ல பங்கைத் தின்னுடும். லேப்டாப்பும் சார்ஜரும் வச்சா கதை முடிஞ்சது.

அப்போ ரீல்ஸ்ல எல்லாரும் எப்படி ஜம்முனு போறாங்க? நான் இதைத்தான் பேச வந்தேன். ஒரு போர்டிங் கியூவுல நானே பார்த்தது. எனக்கு முன்னாடி ஒரு கல்லூரிப் பையன், பேக்பேக்கோட ஒரு துணிக்கடைக் கட்டைப்பையும் வச்சிருந்தான். எடை போடச் சொன்னாங்க, ரெண்டையும் ஒண்ணாக்கச் சொன்னாங்க, கடைசியில காசும் கட்ட வச்சாங்க. அவனுக்கு முன்னாடி போன ஒரு அக்கா தோள்ல அந்தக் கட்டைப்பையை விடப் பெரிய பிராண்ட் பை. அவங்களுக்கு "ஹேவ் எ நைஸ் ஃப்ளைட் மேம்" மட்டும்தான் கிடைச்சது. அளவுக் கூண்டுக்கு லோகோ தெரியாது, ஆனா கேட்ல நிக்கிற மனுஷங்களுக்குத் தெரியும். விலை உயர்ந்த பை 'ஹேண்ட்பேக்' ஆயிடுது, கட்டைப்பை 'எக்ஸ்ட்ரா லக்கேஜ்' ஆயிடுது. ஆம்பளைங்க கையில இருந்தா 'லேடீஸ் பேக்'கும் ஆகாது.

அந்த அக்கா மேல எனக்குக் கோபம் இல்ல. விதி எல்லாருக்கும் ஒண்ணுன்னா எல்லாரையும் எடை போடணும், இல்ல யாரையும் போடக் கூடாது. கண்ணால பார்த்து முடிவு பண்ணா, காசு உள்ளவங்களுக்குச் சலுகை, கட்டணம் இல்லாதவங்களுக்கு. அந்தக் கட்டணம் ஒருத்தரோட டிக்கெட் விலைக்குப் பக்கத்துல போனா எப்படி வலிக்கும்னு நம்மள்ல பல பேருக்குத் தெரியும்.

சரி, பை ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு, எடுத்துட்டுப் போகப் போறீங்கன்னா சில விஷயங்கள்.

ஒண்ணு, வீட்லயே பையை நிரப்பி எடை பாருங்க. லக்கேஜ் தராசு இல்லைன்னா பையோட எடை மெஷின்ல ஏறி, அப்புறம் பை இல்லாம ஏறி, கழிச்சுக்கோங்க.

ரெண்டு, ரொம்ப முக்கியம். "இதைக் கீழ அனுப்பிடுங்க"ன்னு கேட்ல சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க? இந்தப் பைகள் பலதுக்கு மேல ஜிப் கிடையாது, ஒரு கொக்கிதான். பூட்ட முடியாது. பவர் பேங்க் கார்கோவுல போகவே கூடாது. பாஸ்போர்ட், மருந்து, லேப்டாப் எல்லாம் ரெண்டு நிமிஷத்துல வெளிய வரணும். அதுக்கு உள்ளயே ஒரு மஞ்சப்பையை மடிச்சு வச்சுக்கோங்க. லட்ச ரூபாய் பையைக் காப்பாத்தப் போறது அதுதான்.

மூணு, சீட்டுக்கு அடியில வைக்கும்போது படுக்க வைக்காதீங்க. வாய் திறந்த பை, விமானம் ஏறும்போது உள்ள இருக்கிறது பின்வரிசைக்கு உருண்டு போகும். சாயம் போடாத தோல் கைப்பிடியில தண்ணி பட்டா கறை நிக்கும், அதனால பையோட வந்த துணி உறையைக் கீழ விரிச்சுக்கோங்க. எமர்ஜென்சி எக்ஸிட் வரிசையில உட்கார்ந்தா தரையில பையே வைக்க விடமாட்டாங்க, மேல ரேக்குக்குத்தான் போகணும்.

நாலு, வெளிநாடு போறீங்கன்னா கிளம்பும்போதே ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கோங்க. திரும்பி வரும்போது "அங்க வாங்கினதா?"ன்னு கேட்டா அந்தக் காகிதம் பேசும்.

பையில கீறல் விழுந்தா மனசு உடையும்னா, அதை அலமாரியிலயே விட்டுட்டு நல்ல ஜிப் வச்ச ஒரு கேன்வாஸ் பையை எடுங்க. எடை கம்மி, கவலையும் கம்மி. உங்க பக்கத்துல ஒருத்தரோட கட்டைப்பையை மட்டும் நிறுத்தினா, "என் பையையும் எடை போடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. நீங்க கேட்ல பார்த்த கதைகளை எங்களுக்கு வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.