இருமலுக்கு ஏதாவது கொடுங்க பாய்

(நமது அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில், மருந்துக் கடைகளில் பல வருடம் பணியாற்றிய மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரியவர்களே, தாய்மார்களே, நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கிற தம்பிகளே! எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. முப்பது வருஷம் மருந்துக் கடையில் நின்றவன். அங்கே நான் அதிகம் கேட்ட ஒரு வார்த்தையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன். அந்த வார்த்தை, "இருமலுக்கு ஏதாவது கொடுங்க பாய்."

யாருக்கு என்று கேட்டால், "சின்னப் பையனுக்குத்தான்" என்பார்கள். பையன் வீட்டில் இருப்பான். வயசு இரண்டா மூன்றா என்று வாப்பாவுக்கு ஒரு நிமிஷம் யோசனை வரும். எடை யாருக்கும் தெரியாது. "போன தடவை கொடுத்தீங்களே, சிவப்பா இனிப்பா இருக்குமே, அதே கொடுங்க" என்பார்கள். நானும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சீட்டு கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். கம்பெனி வேலை முடிந்து ராத்திரி பத்து மணிக்கு வருகிற மனுஷனிடம் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லவும் மனசு வராது.

2025 அக்டோபரில் வந்த செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா மாவட்டம். அங்கே சளி, இருமல், லேசான காய்ச்சல் என்று வந்த குழந்தைகளுக்கு 'கோல்ட்ரிஃப்' என்ற சிரப் கொடுக்கப்பட்டது. பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் இருந்த பிள்ளைகள். சில நாளில் வாந்தி வந்தது. பிறகு சிறுநீர் நின்றுவிட்டது. சிறுநீரகம் செயலிழந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்து போனார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

சிந்த்வாரா நமக்கு ரொம்ப தூரம். ஆனால் அந்த பாட்டிலில் அச்சடித்திருந்த முகவரி நமக்கு தூரமில்லை. ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி காஞ்சிபுரம் போகிற வழியில் நாம் தினமும் பார்க்கிற சுங்குவார்சத்திரம். அங்கே இருந்த ஸ்ரீசன் பார்மா என்ற சின்ன நிறுவனம் தயாரித்த மருந்து அது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர் அக்டோபர் முதல் வாரத்திலேயே போய் மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். எஸ்.ஆர்.13 என்ற எண் போட்ட தயாரிப்பில் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். அதாவது பாட்டிலில் கிட்டத்தட்ட பாதி விஷம். உற்பத்தியை நிறுத்தினார்கள், உரிமையாளர் கைதானார், அக்டோபர் 13 அன்று உரிமமும் ரத்தானது. அதே நாளில் உலக சுகாதார நிறுவனமும் எச்சரிக்கை வெளியிட்டது.

இந்த டை எத்திலீன் கிளைக்கால் என்ன பொருள் என்று ஒரகடத்தில் வேலை பார்க்கிற தம்பிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரேக் ஆயிலிலும் கூலன்டிலும் சேர்க்கிற வகைப் பொருள். நிறம் கிடையாது, கொஞ்சம் இனிப்பாகக்கூட இருக்கும். சிரப்பில் மருந்தைக் கரைப்பதற்குப் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற இன்னொரு திரவத்தைச் சேர்ப்பார்கள். அது ஆபத்தில்லாதது. ஆனால் மருந்துக்கான தரத்தில் வாங்காமல், வந்த டிரம்மைச் சோதிக்காமல் ஊற்றினால் ஒன்றின் இடத்தில் மற்றது வந்துவிடும். வாங்குகிற நமக்கும் தெரியாது, விற்கிற கடைக்காரருக்கும் தெரியாது, எழுதிக் கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. முகர்ந்தோ ருசித்தோ கண்டுபிடிக்க வழியே இல்லை.

இது முதல் தடவை நடந்திருந்தால் தற்செயல் என்று விட்டிருக்கலாம். 1937-இல் அமெரிக்காவில் இதே விஷத்தில் நூறு பேருக்கு மேல் இறந்து, அதன் பிறகுதான் அங்கே மருந்துச் சட்டம் கடுமையானது. 1972-இல் நம்ம சென்னையிலேயே 15 குழந்தைகள். 1986-இல் பம்பாயில், 1998-இல் டெல்லி பக்கத்தில் குர்கானில், 2020-இல் ஜம்முவில். 2022-இல் ஆப்பிரிக்காவில் காம்பியா என்ற நாட்டில் எழுபது குழந்தைகள் வரை. காம்பியா முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழை நாடு. அங்கேயும் ஒரு தாய் தன் பிள்ளையின் இருமலுக்குத்தான் அந்த பாட்டிலைத் திறந்திருப்பாள்.

"அப்போ நல்ல கம்பெனி மருந்தா பார்த்து வாங்கினா போதும்தானே பாய்?" என்று இதைச் சொல்லும்போதெல்லாம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்ல வந்த விஷயமே அதற்குப் பிறகுதான் இருக்கிறது. விஷம் துளியும் கலக்காத, ஒழுங்காகத் தயாரித்த இருமல் சிரப்பும் சின்னப் பிள்ளைக்குத் தேவையில்லை. சளியால் வருகிற இருமலை அது குணப்படுத்துவதில்லை. குழந்தை அசந்து தூங்கும், அவ்வளவுதான். தூங்குவதைப் பார்த்து நாம் குணமாகிவிட்டது என்று நினைக்கிறோம்.

மத்திய அரசின் சுகாதார சேவைகள் இயக்குநரகம் 2025 அக்டோபர் 3-ஆம் தேதி சொன்னதும் இதுதான். இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது. ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகவே பரிந்துரைப்பதில்லை. கோல்ட்ரிஃபில் இருந்த இரண்டு சளி மருந்துகளின் கூட்டை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று லேபிளில் போடச் சொல்லி 2023 டிசம்பரிலேயே உத்தரவும் வந்திருந்தது. அந்தப் பொடி எழுத்தை யார் படித்தார்கள்? நானே கடையில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் லேபிள் படிப்பேன்.

இனி சொல்வது என் சொந்தத் தவறு. நான் முன்பு வேலை பார்த்த கடைக்கு எதிர் சந்தில் ஒரு குடும்பம் இருந்தது. ஒன்றரை வயசுப் பெண் குழந்தை. அந்தப் பிள்ளையின் நன்னிமா வந்து இருமலுக்குக் கேட்டார். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, "இருமல் குறைஞ்சிருச்சு, ஆனா பால் குடிக்க மாட்டேங்குது" என்று திரும்பி வந்தார். சிரப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு வயிற்றுக்கு ஒன்று கொடுத்து அனுப்பினேன். பிள்ளையை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. அன்று ராத்திரி மூச்சு இரைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நிமோனியா. ஒன்பது நாள் ஆக்சிஜனும் ஊசியுமாக இருந்து பிழைத்து வந்தாள், அல்ஹம்துலில்லாஹ். நன்னிமா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "உங்க மேல தப்பில்ல பாய், நான்தான் கேட்டேன்" என்றார். எனக்கு அது இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. இருமல் குறைந்ததற்குக் காரணம் சுகமல்ல. இருமுவதற்குக்கூட அந்தப் பிள்ளைக்குத் தெம்பில்லாமல் போயிருந்தது.

அதனால் தாய்மார்கள் மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்வதைவிட மூச்சை எண்ணத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, போனில் ஒரு நிமிஷம் வைத்து, வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு மாதம் முடியாத குழந்தைக்கு 60, இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே அது வெறும் சளி இல்லை, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது, பால் தண்ணீர் குடிக்கவில்லை, உதடு நீலமாகிறது, எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். சிறுநீர் போகிறதா என்பதையும் கவனியுங்கள். எந்த மருந்து கொடுத்த பிறகானாலும் ஒரு பகலோ ஒரு ராத்திரியோ முழுக்கப் பிள்ளை சிறுநீர் கழிக்கவில்லை என்றால், அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இதில் எதுவும் இல்லாமல், பிள்ளை விளையாடிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, இடையில் இருமுகிறது என்றால் பயப்படத் தேவையில்லை. சளி இருமல் அடங்க பத்து நாள் ஆகும், சில பிள்ளைகளுக்கு மூன்று வாரம்கூட இழுக்கும். மூன்றாம் நாளே சிரப்பை மாற்றுகிறோமே, அங்கேதான் தவறு. தாய்ப்பால், வெதுவெதுப்பான தண்ணீர், மூக்கு அடைத்தால் உப்புநீர்ச் சொட்டு. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன். தேனில் நிவாரணம் இருப்பதை நாம் அந்-நஹ்ல் அத்தியாயத்தில் ஓதுகிறோம். இருமலுக்குத் தேன் இதமளிக்கும் என்று டாக்டர்களும் சொல்கிறார்கள்.

ஆனால் ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும். பிள்ளை துவண்டு, பால் உறிஞ்சவும் முடியாமல் போகும். நம் வீடுகளில் தஹ்னீக்குக்குப் பேரீச்சம்பழம் கைக்குக் கிடைக்காவிட்டால் தேனைத் தொட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். சுன்னத்தை விடச் சொல்லவில்லை. தேனை மட்டும் விட்டுவிடுங்கள்.

நன்னிமாக்களின் வைத்தியத்தை நான் கேலி செய்கிறவன் இல்லை. பெரிய பிள்ளைக்குக் கற்பூரவல்லி இலையும் இஞ்சி டீயும் கொடுத்தால் சண்டை போட மாட்டேன். இரண்டு விஷயத்துக்கு மட்டும் தடை சொல்வேன். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பது ஒன்று. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், வலிப்பை வரவழைக்கும். குளிப்பாட்டி சாம்பிராணிப் புகை காட்டுவது இன்னொன்று. சளி பிடித்த பிள்ளைக்குப் புகை எப்படி நல்லது செய்யும்? நம் வீடோ ஒற்றை அறை. ஜன்னல் திறந்தால் ஹைவே லாரி தூசி, மூடினால் சாம்பிராணி.

காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாம். அதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. பத்து கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் போகக்கூடாது. கடையில் 5 மில்லியில் 125 என்று ஒரு சிரப் இருக்கிறது, 5 மில்லியில் 250 என்று இன்னொன்று, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து ஒரு மில்லியிலேயே 100. அதே 150-க்கு முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டில் ஒன்றரை மில்லிதான் வரும். பக்கத்து வீட்டு அக்கா "நான் ஒரு மூடி கொடுத்தேன், நீயும் ஒரு மூடி கொடு" என்பார். அவர் வீட்டு பாட்டில் வேறு, உங்கள் வீட்டு பாட்டில் வேறு. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்தக் கணக்கும் வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

இரைப்பு உள்ள பிள்ளைக்கு டாக்டர் இன்ஹேலர் எழுதினால், "பழகிடும், விடவே முடியாது" என்று சொல்லி நிறுத்த வைப்பவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நாலு பேர் இருப்பீர்கள். பழகாது. நிறுத்தினால்தான் ஆபத்து. அதைப் பற்றி இன்னொரு நாள் தனியாகப் பேச வேண்டும்.

கடைசியாகக் கடை விஷயம். மருந்து வாங்கும்போது பில் கேளுங்கள். பில்லில் தயாரிப்பு எண்ணைப் போடச் சொல்லுங்கள். எஸ்.ஆர்.13 என்ற அந்த எண்ணை வைத்துத்தான் சுங்குவார்சத்திரம் வரை தேடி வர முடிந்தது. என்னைப் போல ஒரு கடைக்காரர் "பிள்ளையைப் பார்க்காம கொடுக்க மாட்டேன், டாக்டர்கிட்ட போங்க" என்று சொன்னால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகாதீர்கள். ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம், காசு கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனை இருக்கிறது. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து நம்ம ஜமாஅத்தில் தொழுகிற சகோதரர்களுக்கு அங்கே பேச மொழி தெரியாது. அவர்கள்தான் சீட்டில்லாமல் கடைக்கு வருகிறவர்களில் அதிகம். ஹிந்தி, உருது தெரிந்தவர்கள் ஒருவேளை கூடப் போய் உதவினால் பெரிய உபகாரம்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் அலமாரியிலும் இருக்கிற பாதி காலியான சிரப் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். என் பூதக்கண்ணாடியைக் கொண்டு வருகிறேன். தேதியும் எண்ணும் பார்த்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று உட்கார்ந்து பிரித்துத் தருகிறேன், இன்ஷா அல்லாஹ். கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள், லுஹர் பாங்குக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது.

வஸ்ஸலாமு அலைக்கும்.