நீ யார் என்று ரோம் கேட்டபோது

(நாகல் நகரில் ‘ஸ்பார்ட்டகஸ்’ படத்தைத் திரையிட்ட பின் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, மாணவ நண்பர்களே, தோல் ஷாப்பிலும் சந்தையிலும் வேலையை முடித்துவிட்டு நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

மூணு மணி நேரத்துக்கும் மேலே ஓடுகிற படம். பேசுகிற பாஷை நமக்கு அந்நியம். ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. ஏன் போகவில்லை என்பதைப் பற்றித்தான் கொஞ்ச நேரம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நம்ம ஊரிலும் அடிமைகள் கலகம் செய்கிற படம் வந்திருக்கிறது. 1965-ல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘ஆயிரத்தில் ஒருவன்’ உங்களில் மூத்தவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். சேரி ஜனங்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எம்.ஜி.ஆர். விலங்கை உடைக்கும்போது தன் விலங்கே உடைவதாக நினைத்துக் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டலை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கதாநாயகன் யார்? ஒரு மருத்துவன். நல்ல இடத்தில் பிறந்தவன், செய்யாத குற்றத்துக்காக அடிமையாக விற்கப்படுகிறான். அவனுடைய அடிமைத்தனம் ஒரு விபத்து. இருக்கக்கூடாத இடத்தில் வந்து மாட்டிக்கொண்டானே என்றுதான் பார்க்கிறவனுக்கு மனசு பதறுகிறது. அப்படியானால் அந்த இடத்திலேயே பிறந்தவன் கதி என்ன? அவன் அங்கே இருப்பது சரிதான் என்று ஆகிவிடாதா?

‘ஸ்பார்ட்டகஸ்’ இந்த இடத்தில்தான் வேறு மாதிரிப் போகிறது. படம் சொல்கிற ஸ்பார்ட்டகஸ் அடிமைக்கே பிறந்தவன். சின்ன வயசிலேயே லிபியாவின் சுரங்கத்துக்கு விற்கப்பட்டவன். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. திரேஸ் நாட்டில் பிறந்து, ரோமானியப் படையில் இருந்து, பிறகு சிறைப்பட்டு விற்கப்பட்டவன் என்கிறது அது. பிறவி அடிமையாகக் காட்டியது கதை எழுதியவர்கள் செய்த மாற்றம். வேண்டுமென்றே செய்த அந்த மாற்றத்தில் ஒரு அரசியல் இருக்கிறது. இழந்த அரியணையை மீட்க வருகிற ராஜகுமாரனாக அவனை அவர்கள் ஆக்கவில்லை. அவனுக்குத் திரும்பிப் போக ஒரு பொற்காலம் கிடையாது.

சரித்திரத்தில் நடந்தது இது. கி.மு. 73-ல் இத்தாலியில் கபுவா என்கிற ஊரில், வாள்வீரர்களைப் பழக்கும் கூடத்திலிருந்து எழுபது சொச்சம் பேர் அடுக்களைக் கத்திகளை எடுத்துக்கொண்டு தப்பினார்கள். வெசூவியஸ் மலையில் ஏறினார்கள். ரோமானியர் வழியை அடைத்தபோது காட்டுக் கொடிகளைத் திரித்து ஏணி செய்து செங்குத்தான பக்கமாக இறங்கி, முற்றுகையிட்டவனையே பின்னாலிருந்து தாக்கினார்கள். பண்ணை அடிமைகளும் மேய்ப்பர்களும் வந்து சேரச் சேர எழுபது பேர் பல்லாயிரம் ஆனார்கள். இரண்டு வருஷம் ரோமை நடுங்க வைத்தார்கள். கி.மு. 71-ல் கிராஸஸ் அவர்களைத் தோற்கடித்தான். பிடிபட்ட ஆறாயிரம் பேரைக் கபுவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாகச் சிலுவையில் அறைந்தான்.

இதையெல்லாம் எழுதி வைத்தது யார்? புளூட்டார்க், அப்பியான் போன்றவர்கள். ஆண்டவன் தரப்பில் நின்று எழுதியவர்கள். ஸ்பார்ட்டகஸ் பேசிய ஒரு வார்த்தைகூட நமக்குக் கிடைக்கவில்லை. அவனோடு ஒரு மனைவி இருந்தாள், குறி சொல்கிறவள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். பெயரை எழுதவில்லை. வரினியா என்பது நாவலாசிரியர் வைத்த பெயர். எதிரியின் ஏட்டிலிருந்துதான் நம் கதையை உருவி எடுக்க வேண்டியிருக்கிறது என்பது நமக்குப் புதுசு இல்லை.

இனி படத்துக்கு வருகிறேன். இந்தப் படம் முழுக்க ‘பெயர்’ என்கிற ஒரே விஷயத்தின் மேல் நிற்கிறது.

தொடக்கத்தில் பழகு கூடத்தில் ஸ்பார்ட்டகஸ் பக்கத்தில் இருக்கிற கறுப்பின வீரனிடம் பெயரைக் கேட்கிறான். அவன் சொல்ல மறுக்கிறான். நாளைக்கு நம் இரண்டு பேரையும் மோத விட்டால் நான் உன்னைக் கொல்ல வேண்டியிருக்கும், அதனால் உன் பெயர் எனக்கு வேண்டாம், என் பெயர் உனக்கு வேண்டாம் என்கிறான். அந்தக் கூடத்தில் விலங்கு, சாட்டை, பூட்டு எல்லாம் இருக்கிறது. ஆனால் உண்மையான காவல் இதுதான். பக்கத்தில் இருக்கிறவன் பெயர் தெரியாத வரைக்கும் எஜமானுக்குத் தூக்கம் கெடாது.

அப்புறம் அந்த நாள் வருகிறது. ரோமிலிருந்து வந்த சீமாட்டிகள் பொழுதுபோக்குக்காக இவர்கள் இரண்டு பேரையும் சாகும் வரை மோத விடுகிறார்கள். கறுப்பன் ஜெயிக்கிறான். அவன் பெயர் டிராபா. ஈட்டியை ஸ்பார்ட்டகஸ் கழுத்தில் வைத்தவன், குத்தாமல், மேலே உட்கார்ந்திருக்கிற கிராஸஸ் கூட்டத்தை நோக்கி வீசுகிறான். சுவரில் ஏறுகிறான். கிராஸஸ் அவன் கழுத்தை அறுக்கிறான். உடலைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள், மற்றவர்கள் பார்க்கட்டும் என்று.

இந்தக் கலகத்தின் முதல் ஆள் டிராபா. படம் வந்தது 1960 அக்டோபரில். அதே வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேஜையில் போய் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருஷத்தில் ஒரு கறுப்பன் ஈட்டியை மேலே திருப்புவதைத் திரையில் பார்ப்பது சாதாரணம் இல்லை. ஆனால் கறுப்பன் செத்து வெள்ளைக்காரனுக்குக் கண்ணைத் திறந்துவிட்டுப் போகிறான் என்பதோடு படம் அவனை முடித்துவிடுகிறது. இந்தக் குறையையும் நாம் சொல்ல வேண்டும். யார் உயிரில் யார் தலைவராகிறார் என்று கேட்கப் பழகியவர்கள் நாம்.

கடைசிப் பகுதி. போர் தோற்றுவிட்டது. கைதிகள் மண்ணில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரோமின் ஆள் வந்து பேசுகிறான். உங்களைச் சிலுவையில் அறைய மாட்டோம், உயிரோடு விடுகிறோம், அடிமையாக இருந்தீர்கள், அடிமையாகவே இருங்கள், ஒரே ஒரு நிபந்தனை, ஸ்பார்ட்டகஸ் யார் என்று காட்டுங்கள் என்கிறான். இந்தப் பேச்சை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோமே! சேரி தாக்கப்பட்ட மறுநாள் ‘சமாதானக் கூட்டம்’ போடுவார்களே, அங்கே கேட்டதுதான். ‘தூண்டிவிட்டவன் யாருன்னு மட்டும் சொல்லிருங்கப்பா, மத்தவங்க பழையபடி வேலைக்கு வரலாம்.’ பழையபடி என்ற வார்த்தையைக் கவனியுங்கள்.

ஸ்பார்ட்டகஸ் எழுகிறான். அவன் வாய் திறப்பதற்குள் அந்தோனினஸ் எழுந்து ‘நான்தான் ஸ்பார்ட்டகஸ்’ என்கிறான். அடுத்தவன் எழுகிறான். பிறகு மலைச்சரிவு முழுக்க அதே சத்தம். பெயரைச் சொல்லாதே என்று தொடங்கிய இடத்திலிருந்து, உன் பெயர்தான் என் பெயர் என்கிற இடத்துக்கு இந்த ஜனங்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். இதுதான் இந்தப் படத்தின் வெற்றி. போரில் தோற்றது அப்புறம்.

இதை எழுதியவர்களுக்கு இது கற்பனை கிடையாது. நாவலாசிரியர் ஹோவர்ட் ஃபாஸ்ட் கம்யூனிஸ்டு. ஸ்பெயினில் ஃபிராங்கோவை எதிர்த்து அகதியானவர்களுக்கு நிதி தந்தவர்கள் பெயர்ப் பட்டியலைக் கொடு என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு கேட்டது. மறுத்தார். 1950-ல் சிறைக்குப் போனார். அங்கே விளைந்த நாவலைப் பதிப்பிக்க எந்தப் பதிப்பகமும் முன்வராமல், 1951-ல் சொந்தமாக வெளியிட்டார். திரைக்கதை எழுதிய டால்டன் டிரம்போவும் அதே குழுவுக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறை போனவர். வெளியே வந்த பிறகு சொந்தப் பெயரில் எழுத முடியவில்லை. ‘ராபர்ட் ரிச்’ என்ற பொய்ப்பெயரில் எழுதிய கதைக்கு ஆஸ்கர் கிடைத்தது, வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை. 1960-ல் இந்தப் படத்தில்தான் டிரம்போ என்ற பெயர் மறுபடி திரையில் வந்தது. ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். போர்க்களக் காட்சிகளை எடுத்தது ஃபிராங்கோவின் ஸ்பெயினில், அவனுடைய ராணுவச் சிப்பாய்களை வைத்து!

இப்போது நம் விஷயம். அண்ணல் அம்பேத்கர் ரோமானிய அடிமை முறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். ரோமில் அடிமை வைத்தியனாக, ஆசிரியனாக இருந்தான். விடுதலையும் பெற முடிந்தது. படத்தில் அந்தோனினஸ் பாட்டும் படிப்பும் தெரிந்தவன் இல்லையா? தீண்டாமையிலோ வெளியேறும் வாசலே கிடையாது, கல்வியின் வாசலும் அடைத்திருக்கும். அதனால் தீண்டாமை அடிமை முறையைவிடக் கொடியது என்கிறார். ரோம் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் பெயரின் அரசியல் பொருந்துகிறது. நம் முன்னோருக்கு நல்ல பெயர் வைக்கவே பல ஊர்களில் அனுமதி இல்லை. 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் பத்திரிகை தொடங்கியபோது, எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அந்தச் சொல்லையே எடுத்துப் ‘பறையன்’ என்று பெயர் வைத்தார். அதுவும் எழுந்து நின்று நான்தான் என்று சொன்ன காரியம்தான். பக்கத்தில் மேலவளவில், தலைவர் என்ற பெயரை ஒரு தலித் சுமப்பதைப் பொறுக்க முடியாமல்தான் 1997 ஜூன் 30-ந் தேதி முருகேசனையும் உடன் போனவர்களையும் வெட்டினார்கள். இந்தத் திண்டுக்கல் தோல் ஷாப் தொழிலாளிகள் சங்கமாக நிமிர்ந்த கதையை டி. செல்வராஜ் ‘தோல்’ நாவலாக எழுதினார். 2012-ல் அதற்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. சுண்ணாம்புக் குழிக்குள் நின்றவர்களுக்கும் சரித்திரம் உண்டு என்பதை அந்தப் புத்தகம் சொல்லிவிட்டது.

கடைசியாக ஒன்று. கசக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். நமக்குள்ளே நாம் டிராபாவும் ஸ்பார்ட்டகசும் முதல்நாள் இருந்த மாதிரித்தான் இருக்கிறோம். பள்ளர் தெரு, பறையர் தெரு, சக்கிலியர் தெரு என்று ஊருக்கு வெளியிலேயும் மூன்றாகக் கிடக்கிறோம். படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் சொன்னது இதைத்தான். 2009-ல் அருந்ததியருக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீதம் உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1-ந் தேதி உச்சநீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. அதைப் பற்றி நமக்குள் வாதம் இருக்கலாம். ஆனால் மலக்குழிக்குள் ஒரு அருந்ததியத் தோழர் செத்தால், அது அவங்க பிரச்சினை என்று நாம் உட்கார்ந்திருந்தால், ரோமுக்கு வேலையே மிச்சம்.

படத்தில் இன்னொரு காட்சி உண்டு. தப்பித்த அடிமைகள் இரண்டு ரோமானியரைப் பிடித்து மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். ஸ்பார்ட்டகஸ் வந்து நிறுத்துகிறான். டிராபாவின் பேரைச் சொல்லித்தான் நிறுத்துகிறான். நமக்குக் கீழே ஒருவனைத் தேடுகிற வரைக்கும் நாமும் ரோம்தான் என்பதை அந்தக் காட்சி சொல்கிறது.

அடுத்த முறை காவல் நிலையத்திலோ, கல்லூரி விடுதியிலோ, ஊர்க் கூட்டத்திலோ, ‘யார்றா அவன்?’ என்று கேட்பார்கள். அன்றைக்குக் குறிவைக்கப்பட்டவன் எந்தத் தெருக்காரனாக இருந்தாலும், மூன்று தெருவும் எழுந்து நிற்க வேண்டும். அதற்கு முதலில் மூன்று தெருவுக்கும் ஒருத்தர் பேர் ஒருத்தருக்குத் தெரிய வேண்டும். மாணவர்கள் அந்த வேலையை இன்றைக்கே இந்தக் கூட்டத்திலிருந்து தொடங்கலாம். பக்கத்தில் இருப்பவர் பெயரைக் கேளுங்கள்.

ஜெய்பீம்.