குடலில் துளை விழுதல்: காலந் தாழ்த்தலாகாது



வயிற்றுவலி என்றால் கஷாயம், விளக்கெண்ணெய், கடையில் வாங்கிய மாத்திரை என்று நாளைக் கடத்துவது நம் வழக்கம். பெரும்பாலான வலிகள் அவ்வாறே தீர்ந்துவிடுகின்றன. ஆனால் குடலில் துளை விழுந்து வரும் வலி அவ்வாறு தீராது. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

துளை விழுந்தவுடன் உணவும் அமிலமும் கிருமிகளும் வயிற்றறைக்குள் கசிகின்றன. பெரும்பாலும் கத்தியால் குத்தியது போன்ற வலி திடீரென்று தோன்றும். வயிறு பலகைபோல் இறுகும். நோயாளி அசையவும் அஞ்சுவார். சில மணி நேரம் சென்று வலி தணிந்தாற்போல் தோன்றலாம். அதனைக் குணம் என்று எண்ணி ஏமாறலாகாது.

யாருக்கு இது நேர்கிறது? முதலாவது, முன்சிறுகுடலில் புண் உள்ளவர்களுக்கு. இவர்களுள் நடுவயது ஆண்களே மிகுதி. புகைப்பழக்கம் ஆபத்தைக் கூட்டுகிறது. முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் வைத்தியரைக் கேளாமல் நாள்தோறும் வலி மாத்திரை விழுங்கும் முதியோருக்கும், ஆண் பெண் இருபாலாருக்கும், இது வரும். காரமும் கவலையுமே புண்ணுக்குக் காரணம் என்று முன்பு நம்பினோம். ஆஸ்திரேலிய மருத்துவர்களாகிய மார்ஷல், வாரன் இருவரும் ஒரு கிருமியே முக்கிய காரணம் என்று 1980-களில் காட்டி, 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். ஆகவே தக்க மருந்தினால் புண்ணை ஆற்றிவிடலாம்.

இரண்டாவது, டைபாய்டு காய்ச்சல் கண்ட சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும். சிகிச்சை பெறாத காய்ச்சலின் மூன்றாம் வாரத்தில் சிறுகுடலின் கடைப்பகுதி புண்ணாகித் துளைபடலாம். காய்ச்சல் தணிந்ததும் மருந்தை நிறுத்துவது தவறு.

காசநோயும், குடல்வால் அழற்சியும் துளைக்குக் காரணமாகலாம். மலைச்சரிவில் உருண்டவர்களையும், காட்டெருமை முட்டியவர்களையும் மறக்கலாகாது. வெளிக்காயம் சிறிதாயினும் உள்ளே குடல் கிழிந்திருக்கக்கூடும்.

இத்தகைய வலி கண்டால் உணவோ, தண்ணீரோ, பேதி மருந்தோ கொடாதீர்கள்; எனிமாவும் வேண்டா. உடனே 108-ஐ அழையுங்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் இவ்வண்டி இலவசமாக ஓடுகிறது. வண்டி ஏறாத ஹட்டிகளிலும் தோட்ட லைன்களிலும் நோயாளியைச் சாலைக்குத் தூக்கிவரும் ஏற்பாட்டைப் பஞ்சாயத்து முன்கூட்டியே செய்து வைத்தல் நலம். உதகையில் அரசு மருத்துவக் கல்லூரியின் புதிய ஆஸ்பத்திரி 700 படுக்கைகளுடன் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. துளைக்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே வழி. தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

வருமுன் காப்பதும் நம் கையில் இருக்கிறது. டைபாய்டு, மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவுவது. ஊற்றுக்கும் ஓடைக்கும் மேற்புறத்தில் கழிப்பிடம் அமையாமல் பஞ்சாயத்துக் காக்க வேண்டும். நீர்த்தொட்டியைக் கழுவிக் குளோரின் இடுவதில் தவறலாகாது. சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே கொதி வந்தபின் மூன்று நிமிடம் அடுப்பில் வைத்து, ஆறியபின் பருகுவோமாக.

அடுத்த பஞ்சாயத்துக் கூட்டத்திலேயே நீர்த்தொட்டியையும், நோயாளியைக் கொண்டுசெல்லும் வழியையும் பற்றி முடிவு செய்யுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.