ஓலையும் சொல்லும்



மரம் எது, புல் எது என்பதைத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்துக் காட்டுகிறார். உள்ளே வயிரம் உடையது மரம். புறத்தே வயிரம் உடையது புல். அக்கணக்கிற் பனை புல்லினத்தைச் சேர்ந்தது. இன்றைய தாவரவியலும் பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என ஓரினமாகவே வைத்திருக்கிறது. புல்லினத்தின் உறுப்புகளாக அவர் கூறும் ஓலை, ஈர்க்கு முதலிய சொற்கள் யாழ்ப்பாணத்து முற்றங்களிற் பாயிழைக்கும் பெண்களின் வாயில் இன்றும் வழங்குகின்றன. இச்சொற்களைக் காத்தவர் புலவர் மட்டுமல்லர். பன்னவேலை செய்த கைகளும் காத்தன.

அக்கைகள் பனையில் எதையும் வீணாக்கவில்லை. இளங்குருத்தை வெயிலிற் காயவைத்து மெல்லிய பெட்டிகள் இழைத்தார்கள். அதனிலும் முற்றிய சார்வோலை பாயும் கடகமும் ஆயிற்று. ஈர்க்கு இடியப்பத் தட்டுக்கு, மட்டையின் நார் கடகத்தின் விளிம்பைப் பொத்துவதற்கு, தும்பு தூரிகைக்கு. காய்ந்து விழுந்த காவோலைகூட வேலிக்கும் தோட்டத்துப் பசளைக்கும் போனது. மண்ணில் வந்தது மண்ணுக்கே திரும்பிற்று.

எங்கள் ஆச்சி பிட்டு அவித்த நீற்றுப்பெட்டியை நினைத்துப் பார்க்கிறேன். கூம்பாக இழைத்த சிறு பெட்டி அது. இழைகளுக்கிடையே ஆவி ஏறும். மா கீழே சிந்தாது. அந்த நுட்பத்தை ஆச்சி எந்த நூலிலும் படித்தவரல்லர். உமலும் கொட்டைப்பெட்டியும் சுளகும் அவ்வாறே; ஒவ்வொன்றும் ஒரு தேவைக்கு விடையாகப் பிறந்தது.

பின்னர் பிளாஸ்ரிக் வந்தது. விலை குறைவு, கழுவுவது எளிது. வாங்கியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. போர்க்காலத்திற் பதுங்கு குழிகளுக்காகவும் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனைசார் தொழில்களை வளர்க்க முயன்று வந்திருக்கிறது. 2017 செப்ரெம்பரில் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உள்ள பொலித்தீனை அரசு தடைசெய்தபோது, நம்மிற் பலருக்கு மீண்டும் ஓலைப்பையின் நினைவு வந்தது.

ஆனால், நேயர்களே, ஒன்றை நாம் சிந்திக்க வேண்டும். இன்று ஓலைப் பொருள்கள் சாயமேற்றிய பூச்சாடிகளாகவும் சுவர் அலங்காரங்களாகவும் வரவேற்பறைக்கு வருகின்றன. அவை நாலு குடும்பங்களுக்குச் சோறு போடுமாயின் நல்லதே. எனினும் அலங்காரப் பொருளை ஒருமுறை வாங்கினாற் பல ஆண்டுகளுக்குப் போதும். கடகமோ தேய்ந்துபோகும், மறுபடியும் இழைப்பவளைத் தேடிப் போக வேண்டும். அந்தத் தேய்மானமே அவளுடைய சீவியம்.

அவள் கேட்கும் விலையைச் சந்தையிற் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, மேடையிற் பாரம்பரியம் பேசுவதிற் பொருளில்லை. ஓலை வெட்டி, காயவைத்து, வார்ந்து, இழைத்த நாட்களுக்குக் கூலி கிடைக்காவிட்டால் அவளுடைய மகள் அத்தொழிலைக் கையில் எடுக்கமாட்டாள். அன்று சார்வோலை, பொத்துதல், உமல் என்ற சொற்கள் அகராதியில் மட்டும் இருக்கும். பொருள் விளங்காத சொற்களாக இருக்கும்.

ஆகவே ஓலையைக் காட்சிப் பேழையிலிருந்து அடுக்களைக்கு அழைப்போம். ஒரு சுளகு, ஒரு நீற்றுப்பெட்டி, சந்தைக்குக் கொண்டுபோக ஒரு பை. உரிய விலை கொடுத்து வாங்குவோம்; தேயும்வரை பாவிப்போம்; தேய்ந்தபின் மீண்டும் வாங்குவோம். தமிழ்ச் சொற்களைக் காக்க அதுவும் ஒரு வழி.