ஒரு ரோலில் 36 படம்

(பழைய மாணவர் சந்திப்புக்கு முதல் நாள் கல்லூரி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிற என்னைக் கேமரா பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விடுதித் தம்பிகள் சிலருக்குப் பழைய பிலிம் கேமரா மேல் ஆசை வந்துவிட்டது. "அண்ணா, முதல்ல எதை வாங்கலாம்?" என்று ஒரு மாதமாகத் துளைத்தெடுக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, நம் எல்லோருக்கும் பொதுவான ஓர் அவசர காரியத்தையும் சொல்லி அமர்கிறேன்.

படம் எடுப்பது பெரிய வித்தை என்றிருந்த காலத்தை மாற்றியது கோடாக் கம்பெனி. 1900ல் 'பிரௌனி' என்ற பெட்டிக் கேமராவை ஒரு டாலருக்கு விற்றார்கள். நம் நாட்டில் அந்த வேலையைச் செய்தது 'அக்ஃபா கிளிக் 3'. 120 ரோல் போட்டால் 12 சதுரப் படம். நம் அப்பாக்கள் காலத்து ஆல்பங்களில் பாதி அதில் எடுத்ததுதான். ரோலையும் நாமே செய்தோம். ஊட்டியில் 1960ல் நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரான்சின் போஷே கம்பெனி தொழில்நுட்பத்தோடு 1967ல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் விற்றது. இந்து என்றால் நிலா. அந்த ஆலை இன்று இயங்கவில்லை.

அடுத்த தலைமுறைக்கு வந்தது யாஷிகா எம்.எஃப்.2. கல்யாணம், காதுகுத்து, திருப்பதிப் பயணம் எல்லாவற்றுக்கும் அதுதான். புதிதாகத் தொடங்குகிற தம்பிக்கு நான் சொல்வதும் இந்த வகைதான். லென்ஸ் 38 மில்லிமீட்டர். தூரத்துக்கு ஏற்பத் திருப்புகிற வேலையே கிடையாது. "அப்புறம் எப்படி சார் தெளிவா விழுது?" என்று கேட்பீர்கள். கணக்கு எளிது. துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி, சுமார் நாலரை மீட்டருக்கு லென்ஸை நிறுத்திவிட்டால், 2.2 மீட்டர் தொடங்கி அடிவானம் வரைக்கும் கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். அதனால் ஆளை ஏழெட்டு அடிக்கு அப்பால் நிற்க வையுங்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்கட்டும். பாதிக் குறை இதிலேயே தீர்ந்துவிடும்.

வாங்கும்போது மூன்று பார்வை. பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா? பின்கதவு ஓரத்துக் கறுப்புப் பஞ்சு பிசுபிசுக்கிறதா? அது கெட்டிருந்தால் வெளிச்சம் கசிந்து படத்தில் சிவப்புக் கோடு விழும். பின்கதவைத் திறந்து வைத்து பட்டனை அழுத்தினால் ஷட்டர் திறந்து மூடுவது தெரிகிறதா? இன்னொன்று, ஃப்ளாஷ் உள்ள கேமராவை எந்தக் காரணத்துக்கும் பிரிக்காதீர்கள். இரண்டு சின்ன பேட்டரிதானே என்று நினைப்போம். உள்ளே இருக்கும் மின்தேக்கியில் ஏறக்குறைய 300 வோல்ட் நிற்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அடிக்கும்.

செல்போனில் ஆயிரம் எடுக்கலாம், இதில் 36தான். ஒரு ரோலுக்கே பல நூறு ரூபாய். அதனால் கை தானாக நிதானப்படும். ஆனால் எனக்கு அதைவிடப் பெரியது நெகட்டிவ்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் கரையைக் கடந்ததை மறக்க முடியாது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் தென்பெண்ணையில் சேர்ந்து பாகூர் கொம்யூன் ஊர்களுக்குள் புகுந்தது. எங்கள் ஆலையில் மூத்த தொழிலாளி ஒருவர் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு உதவிக்குப் போனோம். நனைந்து ஒட்டிக்கொண்ட ஆல்பத்தைக் காட்டி, "தம்பி, இதைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்றார். அவர் மனைவி இறந்து ஆறு வருடம். கல்யாணப் படம் அதில்தான் இருந்தது. சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டுப் பிரித்துப் பார்த்தோம். பிரிண்ட் பலதும் போய்விட்டது. பின்னட்டைப் பையில் நெகட்டிவ் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை அலசி, துணிக்கிளிப் போட்டு நிழலில் தொங்கவிட்டோம். ஏழு துண்டில் ஐந்து தேறியது. ஸ்கேன் செய்து பெரிய பிரிண்டாகக் கொடுத்தபோது, அவர் ஒன்றும் பேசவில்லை. பேத்தியைக் கூப்பிட்டு, "இதுதான்டி உன் பாட்டி" என்றார்.

நனைந்தால் செய்ய வேண்டியது இதுதான்: காயவிட்டுப் பிய்க்காதீர்கள், படப்பக்கத்தைத் துடைக்காதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். இரண்டு நாளுக்குள் முடியுங்கள். பிறகு பூஞ்சை முந்திக்கொள்ளும்.

நெகட்டிவும் சாகாவரம் வாங்கி வந்ததல்ல. பெரும்பாலானவை அசிட்டேட் பிலிம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்லச் சிதைந்து அசிட்டிக் அமிலம் விடும். டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தனியே பிரித்து வைத்து முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். மற்றவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறையில் போட்டு, வீட்டில் குளிர்ச்சியான, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். இங்கே கடற்காற்றிலும் மழைக்காலத்திலும் வாழ்கிற நமக்கு இது ஒத்திப்போடக்கூடிய வேலையல்ல.

பாண்டிச்சேரியில் 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோயில்களைப் படம் பிடித்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. சிற்பம் சிதைந்தாலும் படம் சாட்சி சொல்லும். நம் கல்லூரிக்கும் அப்படி ஒரு சாட்சி வேண்டாமா? வகுப்புப் படம், விடுதி நாள், சுற்றுலா, இன்று நம்மிடையே இல்லாத ஆசிரியர்கள் எல்லாம் உங்கள் பரண்மேல் பிஸ்கட் டப்பாவில் தூங்குகிறார்கள். அடுத்த மழைக்கு முன் எடுத்து வாருங்கள். ஸ்கேன் செய்து, ஒரு துண்டு குறையாமல் திருப்பித் தருவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட உட்காரத் தம்பிகள் தயாராக இருக்கிறார்கள்.

படத்தில் இருப்பவர்கள் பெயரை உறைமேல் பென்சிலால் எழுதிக் கொடுங்கள். பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே எழுதிவிடுவோம்.